தாமரை இலைத் தண்ணீர்

கொலு முடிந்து பொம்மைகளை எல்லாம் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, பரணில் ஏற்றியாகிவிட்டது. வருஷா வருஷம் நடக்கிற வேலைதான். இந்த வருஷம் ஒரே ஒரு சாமான் மட்டும் பரணுக்குப் போகவில்லை. அது அடையாறில் என் அண்ணாவின் மேஜை மேல் இருக்கிறது. 28 செ.மீ. நீளமுள்ள ஒரு பித்தளை ரயில் பெட்டி. அண்ணா 1972-ல் தன் கையால் செய்தது. அதற்கு நான் இந்த வருஷம் பெயிண்ட் அடித்த கதையை எழுதப் போகிறேன்.

உலோகத்தின் மேல் பெயிண்ட் எப்போது ஒட்டும், எப்போது உரியும் என்று நடுவில் கொஞ்சம் பாடம் மாதிரி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு கேட்டுக்கும் மொட்டை மாடிக் குழாய்க்கும் உதவும். கடைசியில் என்னைப் பற்றிய ஒரு விஷயமும் வரும். அதைச் சொல்ல எனக்கு 53 வருஷம் ஆயிற்று.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில் வடக்கு மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் வீட்டுக் கொலு ஏழு படி. படிக்குப் பக்கத்தில் தரையில் மண்ணைக் கொட்டி, கேழ்வரகும் கடுகும் தூவி முளைக்க வைத்து ஒரு பார்க். கண்ணாடித் துண்டு வைத்துக் குளம். அந்தப் பார்க்கைச் சுற்றி நிஜமாகவே ஒரு ரயில் ஓட வேண்டும் என்பது அண்ணாவின் ஆசை.

அண்ணாவுக்கு ரயில் பைத்தியம் பிடிக்க அவருடைய உத்தியோகம்தான் காரணம். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் வேலை. 1955 அக்டோபர் 2-ம் தேதி நேரு திறந்து வைத்த இடம். சுவிட்சர்லாந்துக்காரர்களிடம் தொழில்நுட்பம் வாங்கி, முழுக்க முழுக்க இரும்பிலான பெட்டிகளைச் செய்ய ஆரம்பித்தார்கள். முதலில் வெறும் கூடுதான். உள்ளே பெஞ்சு, விளக்கு, பெயிண்ட் என்று முழுசாக முடித்து அனுப்பும் ஃபர்னிஷிங் பிரிவு 1962-ல்தான் வந்தது. அந்தப் பிரிவின் பெயிண்ட் ஷாப்பில் அண்ணா சேர்ந்தபோது அவருக்கு வயது 21. எனக்கு 11. அண்ணா சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் சட்டையில் டின்னர் வாசனை அடிக்கும். அம்மா மூக்கைச் சுளிப்பாள். எனக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும்.

1972-ல் அண்ணா மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி ஒரு பழைய ஹார்ன்பி டப்ளோ எஞ்சினும், வட்டமாக மாட்டுகிற அளவுக்குத் தண்டவாளமும், சக்கரத்தோடு இரண்டு ஜோடி போகியும் வாங்கி வந்தார். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போகும்வரை இந்த மாதிரி அதிசயமெல்லாம் அங்கேதான் கிடைக்கும். எஞ்சின் வெள்ளைக்காரர்கள் ஊர் எஞ்சின். ஆனால் அதன் பின்னால் நம்ம ஊர்ப் பெட்டிதான் போக வேண்டும் என்று அண்ணா பிடிவாதம் பிடித்தார். ஹார்ன்பி டப்ளோ நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு அளவு. ஐ.சி.எஃப். பெட்டி நிஜத்தில் 21.3 மீட்டர் நீளம். வகுத்துப் பார்த்தால் 28 செ.மீ. வருகிறது. "என்ன, நம்ம பிராட் கேஜ் ஐந்தரை அடி. கணக்குப்படி தண்டவாளம் 22 மில்லிமீட்டர் இருக்கணும். இது 16.5தான். போனாப் போறது, கொலுவுக்கு வர மாமிகள் அளந்தா பார்க்கப் போறா?" என்பார்.

பித்தளைத் தகடு வாங்கி, அரம் போட்டு, ஜன்னல் ஜன்னலாக ரம்பத்தால் அறுத்து, மடித்து, பற்று வைத்துச் சேர்த்தார். சால்டரிங் அயர்ன் கரண்டில் சுடுவது இல்லை. குமுட்டி அடுப்பில் காய்ச்சுகிற செப்புக்கட்டி. பற்று வைக்க ஆசிட் வேண்டும். பழைய டார்ச் செல்லைப் பிரித்து அதன் துத்தநாகக் கூட்டைத் துண்டாக்கி ஆசிட்டில் போட்டால் பொங்கி அடங்கும். அதைத்தான் தொட்டுத் தொட்டு வைப்பார். இரண்டு மாதம் ராத்திரி ராத்திரி இதே வேலை. பெட்டி முடிந்ததும் சோடா உப்புப் போட்ட வெந்நீரில் தேய்த்துக் கழுவி, துடைக்காமல், மாடத்துக்கு மேலே ஒரு கம்பியில் தொங்கவிட்டார். "யாரும் தொடப்படாது" என்று எல்லாருக்கும் சொன்னார். என்னைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார்.

அன்று ராத்திரியே, யாரிடமோ இரவல் வாங்கி வந்த ஸ்ப்ரே கன்னால் அந்தக் காலத்து ரயில் பெட்டியின் செங்காவி கலந்த அரக்குச் சிவப்பை அடித்தார். இன்றைக்கு இருக்கிற குழந்தைகளுக்கு ரயில் என்றால் நீலம். எங்களுக்கு அந்தச் சிவப்புதான் ரயில். காய்ந்தபின் பார்த்தால் சென்ட்ரலில் நிற்கிற பெட்டி சுருங்கி எங்கள் கூடத்துக்கு வந்த மாதிரி இருந்தது.

நவராத்திரி வெள்ளிக்கிழமை. கூடம் நிறைய மனிதர்கள். தி.நகரிலிருந்து வந்திருந்த மாமா ஒருவர் ரயிலை நிறுத்தச் சொல்லிப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் கட்டைவிரல் பட்ட இடத்தில் பெயிண்ட் அப்படியே தோலாக நகர்ந்தது. இன்னொரு பக்கம் பிடித்தார். அங்கேயும் ஒரு பட்டை உரிந்து அவர் வேட்டியில் விழுந்தது. பித்தளை பளபளவென்று வெளியே தெரிந்தது. ஊரிலிருந்து வந்தவர்கள் முன்னால் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அங்கே ஊர்ப்பட்ட ரயிலுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறான். ஆத்து ரயிலுக்கு ஒட்டலை."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அது அப்பாவுக்குப் பிடித்த ஜோக்காகிவிட்டது. அண்ணா கல்யாணத்தில் சொன்னார். பேரன் பிறந்தபோதும் சொன்னார். 1989-ல் காலமாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணா அந்தப் பெட்டியை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு மூடினார். பிறகு இன்றுவரை ஒரு ரயில் பொம்மை செய்யவில்லை.

இந்த ஆடி மாசம் மன்னி போன் பண்ணினார். "உங்க அண்ணா பழைய டிரங்கைத் தூக்கிப் போடச் சொல்றார். உள்ளே அந்த ரயில் இருக்கு. எனக்கு மனசு வரலை. நீங்க எடுத்துண்டு போறேளா?" அண்ணாவுக்கு இப்போது 76 வயது. இரண்டு வருஷமாகக் கை நடுக்கம். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். ஆட்டோ பிடித்துப் போய் எடுத்து வந்தேன்.

மந்தைவெளியில் எங்கள் ஃப்ளாட்டின் பால்கனியில் கையுறை போட்டுக்கொண்டு பெயிண்ட் ரிமூவர் தடவி மிச்சப் பெயிண்டை எடுத்தேன். பாதிக்கு ரிமூவரே வேண்டியிருக்கவில்லை, நகத்தால் நெம்பினால் வந்துவிட்டது. ஒரு பக்கச் சுவரில் பெரிய வில்லையாக வந்த இடத்தில் கீழே பித்தளையில் பழுப்பாக நான்கு கோடு. எதிர்ப் பக்கம் ஒன்று. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ரேகைகூடத் தெரிந்தது. நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும். சின்னக் கை.

வேர்வையில் இருக்கிற உப்பு பித்தளையை அரிக்கும். பித்தளைக் கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் துடைக்காமல் விட்டால் நாலு நாளில் பழுப்புத் தட்டுமே, அதேதான். பெயிண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். என் விரல் 53 வருஷமாக அங்கே உட்கார்ந்திருந்தது.

அது ஒரு சனிக்கிழமை. அம்மா எனக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டு, சீயக்காய் போட்டுத் தலைக்கு ஊற்றினாள். அவசரமாகக் குளித்துவிட்டு ஓடி வந்தேன், எண்ணெய் சரியாகப் போகவில்லை. எதிர் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் ரயிலைக் காட்டு என்றார்கள். அண்ணா பெயிண்ட் வாங்க வெளியே போயிருந்தார். ஸ்டூல் போட்டு ஏறிக் கம்பியிலிருந்து எடுத்தேன். திண்ணையில் வைத்து 'கூ' என்று கத்திக்கொண்டே ஓட்டிக் காட்டினேன். மறுபடி அதே கம்பியில் அதே மாதிரி மாட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை மாமா கையில் பெயிண்ட் உரிந்தபோது எனக்கு மட்டும் காரணம் தெரியும். எனக்கு 13 வயது. வாயைத் திறக்கவில்லை.

விரல் ரேகையை மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். அப்புறம் செய்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. புளி எடுத்து வந்து தேய் தேய் என்று தேய்த்து அந்த ரேகையை அழித்தேன். பெட்டி குத்துவிளக்கு மாதிரி ஜொலித்தது. நல்ல துண்டால் துடைத்து, கடையில் வாங்கிய ஸ்ப்ரே டப்பாவால் நேராக அடித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து செலோ டேப்பை ஒட்டி இழுத்தேன். பெயிண்ட் முழுசாக டேப்போடு வந்தது. என் சகதர்மிணி எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, உங்க குடும்பத்துல ராசி மாறலை" என்றாள்.

அதற்கப்புறம்தான் புத்தி வந்தது. எங்கள் தெருக் கோடியில் கார்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்கிற ஒரு ஷெட் இருக்கிறது. அங்கே இருக்கிற பெயிண்டர் தம்பிக்கு முப்பது வயது இருக்கும். பெட்டியைக் கையில் வாங்கவில்லை. கீழே வைக்கச் சொல்லி, ஒரு மக்குத் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

"பாருங்க சார். தாமரை இலைத் தண்ணி மாதிரி உருளுதா? எண்ணெய் இருக்கு. சுத்தமா இருந்தா தண்ணி அப்படியே கண்ணாடி மாதிரி மேல படிஞ்சு நிக்கும். அரை நிமிஷம் உடையாம நின்னாதான் பெயிண்ட் பத்தி யோசிக்கணும்."

துடைத்து எடுத்து வந்திருக்கிறேனே என்றேன். "துண்டுலயே எண்ணெய் இருக்கும் சார். துணிக்கு வாசனையா ஏதோ போட்டு அலசறாங்களே, அதுவும் இருக்கும். உங்க கையிலயும் இருக்கு" என்றார்.

சுவரும் மரமும் பெயிண்டை உறிஞ்சிக்கொள்ளும். பித்தளை எதையும் உறிஞ்சாது. பெயிண்ட் அதன் மேல் வெறுமனே படுத்துக்கொள்கிறது. நடுவில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருந்தால் பெயிண்ட் எண்ணெயைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பித்தளையை இல்லை.

நம் தெருக்களில் அந்தக் காலத்தில் ஈயம் பூசுகிறவர் வருவாரே, நினைவிருக்கிறதா? பாத்திரத்தை முதலில் தேய்ப்பார். துருத்தி ஊதிச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை. அப்புறம் ஈயத்தைக் காட்டிப் பஞ்சால் ஒரு இழுப்பு. உள்பக்கம் முழுக்க வெள்ளி மாதிரி ஆகும். ஈயம் பூசுவது கடைசி ஒரு நிமிஷ வேலை. மீதி எல்லாம் சுத்தம் பண்ணுகிற வேலைதான். நவச்சாரம் படாத இடத்தில் ஈயம் பிடிக்காது. வாசலில் உட்கார்ந்து இதை எத்தனை தடவை பார்த்திருப்பேன்!

தம்பி சொன்னபடி செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சக்கரம், போகி எல்லாவற்றையும் கழற்றினேன். பாத்திரம் கழுவுகிற திரவத்தைப் போட்ட வெந்நீரில் ஊற வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தேன். முக்கியமாகப் பற்று வைத்த ஓரங்கள். பற்று வைத்த ஆசிட்டின் மிச்சம் ஒரு மாதிரி உப்பு. மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசியுமே, அதே மாதிரி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மேலே பெயிண்ட் இருந்தாலும் உள்ளிருந்து கொப்புளமாகக் கிளம்பும்.

இரண்டாவது, 600 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாக ஒரு தேய்ப்பு. பளபளப்பு போய் மங்கலாக வேண்டும். நாம் ஜொலிக்கிறது என்று சந்தோஷப்படுகிற பித்தளையில் பெயிண்டுக்குப் பிடிமானம் கிடையாது. சின்னச் சின்னக் கீறல்தான் பிடிமானம்.

மூன்றாவது, புளி. தப்பு இல்லை, புளியின் அமிலம் கறுப்பை எடுத்துவிடும். ஆனால் அதைக் கழுவ வேண்டும். ஆப்ப சோடாத் தண்ணீரில் ஒரு முக்கு, அப்புறம் நிறையத் தண்ணீர். கடைசி அலசலுக்கு எங்கள் போர் தண்ணீர் உதவாது. காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்பு நிற்கும். பாட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கினேன்.

அலசியதும் நானே தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். முதல் தடவை கூரையில் ஓர் இடத்தில் தண்ணீர் உடைந்து உருண்டது. மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் தடவை ஓரத்தில் ஒரு விரற்கடை. மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் தடவை பெட்டி முழுவதும் தண்ணீர் ஒரே தகடாக நின்றது. ஒன்று, இரண்டு என்று முப்பது வரை எண்ணினேன். உடையவில்லை. இந்த வயதில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

அப்புறம் கையுறையைக் கழற்றவே இல்லை. கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய டப்பா உதவியது. கம்பியில் தொங்கவிட்டு, ஹேர் டிரையரால் உலர்த்தி, அந்தச் சூடு ஆறுவதற்குள் ஷெட்டுக்கு எடுத்துப் போனேன். இந்தத் தடவை அதைத் தொங்கவிட்ட அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் குழந்தைகள் யாரும் இல்லை. இருந்தாலும்.

நான்காவது, பிரைமர். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். ஹார்ட்வேர் கடையில் பிரைமர் என்று கேட்டால் ரெட் ஆக்சைடு கொடுப்பார்கள். அது இரும்புக்கு, துருவைத் தடுக்க. பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் துத்தநாகத்துக்கும் வாஷ் பிரைமர் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு டப்பாவாக வரும். ஒன்றில் பிசின், மற்றதில் பாஸ்பாரிக் அமிலம். கலந்து அடித்தால் அமிலம் உலோகத்தின் மேல்தோலை லேசாகக் கடித்து, பிசினை அங்கேயே பிடித்து உட்கார வைக்கும். ரொம்ப மெல்லிசாக அடிக்க வேண்டும், கீழே பித்தளை மங்கலாகத் தெரிகிற மாதிரி. தடித்தால் அதுவே உரியும். தம்பி ஒரு காருக்குக் கலந்து வைத்திருந்ததை டச்சப் கன்னால் இரண்டு நிமிஷத்தில் அடித்துக் கொடுத்தார். அது ஆரோக்கியத்துக்கு ஆகாத சரக்கு. முகமூடி இல்லாமல், காற்றோட்டம் இல்லாத இடத்தில், குழந்தைகள் பக்கத்தில் அடிக்கவே கூடாது. அதன் மேல் கிரே சர்ஃபேஸர் ஒரு கோட்.

போகி விஷயமும் இதுதான். ஹார்ன்பி போகி துத்தநாகக் கலப்பு வார்ப்பு. உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஜி.ஐ. குழாய்க்கும் ஷீட்டுக்கும் வருஷா வருஷம் இனாமல் அடித்தும் தாள் தாளாக உரிகிறதா? பெயிண்டரைத் திட்டாதீர்கள். ஜி.ஐ. மேல் இருப்பது துத்தநாகம். இனாமலில் உள்ள எண்ணெய்ப் பிசினோடு அது சேர்ந்து நடுவில் மெல்லிசாக ஒரு சோப்புப் படலத்தை உண்டாக்கிவிடும். சோப்பின் மேல் எது நிற்கும்? முதலில் அதற்கென்று இருக்கிற பிரைமர், அப்புறம் இனாமல்.

ஐந்தாவது, நிறம். அவசரக்காரனான நான் மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயந்திரம் மொட்டை மாடிக்கு ஸ்ப்ரே டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். நல்ல வேளை, முதலில் ஒரு பித்தளைத் துண்டில் அடித்துப் பார்த்தேன். சிவப்பு மேலே சாம்பல் பூசின மாதிரி வெளுத்தது. டின்னர் ஆவியாகும்போது பெயிண்டைக் குளிர வைக்கும். அந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் மேலே படிந்துவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைச்சலா? இரண்டு நாள் காத்திருந்து, வெயில் ஏறிய பிறகு பதினொரு மணிக்கு அடித்தேன். ஒரே தடவையில் தடியாக அடித்தால் ஜன்னல் ஓரமெல்லாம் அடைத்து மொழுமொழுவென்று ஆகிவிடும். மெல்லிசாக நாலு கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பொறுமை. அப்புறம் ஒரு வாரம் தொடாமல் வைத்தேன்.

புரட்டாசியில் கொலு வைத்தோம். இப்போதெல்லாம் ஐந்து படிதான். கீழே தரையில் ஒரு முழத் தண்டவாளத்தில் அந்தப் பெட்டி. எஞ்சின் ஓடுவதில்லை, பெட்டி நிற்கத்தான் செய்தது. வெள்ளிக்கிழமை அண்ணாவும் மன்னியும் வந்தார்கள். அண்ணா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பெட்டியையே பார்த்தார். 2018-ல் அந்தப் பழைய மாதிரிப் பெட்டி செய்வதை ஐ.சி.எஃப். நிறுத்தியபோதுகூட அவர் முகம் இப்படி இருந்தது.

பெண்கள் சமையலறைப் பக்கம் போனதும் மொபைலை எடுத்து அந்தப் போட்டோவைக் காட்டினேன். "என்னடா இது?" என்றார். விரலால் பெரிசு பண்ணிப் பார்த்தார்.

"என் விரல் அண்ணா. நீ தொங்கவிட்டுட்டுப் போனப்புறம் எடுத்து விளையாடினேன். எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச அன்னிக்கு."

அண்ணா போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லெண்ணெய்யா?"

"ஆமாம்."

"நான் ஆசிட்னு நெனச்சுண்டிருந்தேன்" என்றார். "சரியாக் கழுவலை, பத்து வெச்ச ஆசிட் நின்னுடுத்துன்னு. வேலைல என்கிட்ட கத்துண்ட பசங்களை எல்லாம் கழுவு கழுவுன்னு உயிரை எடுத்தேன்."

கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. சுண்டல் தட்டு வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அப்பா இருக்கும்போது சொல்லியிருக்கலாம்டா."

எனக்குப் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. பித்தளையையாவது மறுபடி முதலிலிருந்து கழுவலாம்.

அண்ணாதான் பேச்சை மாற்றினார். "பிளேடும் செலோ டேப்பும் எடுத்துண்டு வா" என்றார். பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். அவர் கை நடுங்கியது, அதனால் என்னையே கீறச் சொன்னார். குறுக்கே ஆறு கோடு, நெடுக்கே ஆறு கோடு, கட்டம் கட்டமாக. வேலையில் அப்படித்தான் பார்ப்பார்களாம். அதன் மேல் டேப்பை ஒட்டி, நகத்தால் நன்றாக அழுத்தித் தேய்த்து, அவரே ஒரு இழுப்பு இழுத்தார். டேப்பை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கையோடு சேர்ந்து டேப்பும் ஆடியது. அதில் ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லை.

"ம். ஒட்டியிருக்கு" என்றார்.

கிளம்பும்போது பெட்டியைக் கேட்டார். கொலு முடியவில்லை, நடுவில் எடுக்கக்கூடாது என்று மன்னி தடுத்தார். விஜயதசமி ராத்திரி வழக்கம்போல ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் காலை நானே அடையாறுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மேஜை மேல் வைத்துக்கொண்டார். அதிகம் பேசவில்லை. கோபமா, வருத்தமா, எனக்குத் தெரியவில்லை. காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று சாயந்திரம் போன் வந்தது.

"பெட்டிக்கு நம்பர் எழுதலையேடா."

"எழுதலை அண்ணா. பொடி எழுத்து, எனக்கு வராது."

"எனக்கும் கை வராது. எந்த நம்பர், எந்த எடம்னு நான் சொல்றேன். நீ மெதுவா எழுது. ஞாயித்துக்கிழமை வா" என்றார். போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"வரும்போது கையைக் கழுவிண்டு வா."